தொண்டும் நிறவேற்றுமையும்

தொண்டு நிறுவனம் என்றாலே அங்கு வேற்றுமைக்கு இடமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் சமூகத்தில் உள்ள நிறவேற்றுமை அத்தகைய நிறுவனங்களுக்குள்ளும் புகுந்துவிடுவதுண்டு. அதனைக் களைவதாகக் கூறும் முயற்சிகளுள்ளும் மெய்யானவை சில. தோற்றத்திற்காகச் செய்யப்படுபவை சில. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நமக்கு விளக்கந் தருகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது, காயமுற்ற வீரர்களுக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் மக்களிடம் குருதி திரட்டியது. குருதியிலிருந்து பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியைப் பிரித்துப் பெருமளவில் சேமிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. 1941-ஆம் ஆண்டில் சங்கத்தின் குருதிச் சேமிப்புப் பணிக்கு வழிகாட்டியவரும் அவரே. அவர் ஒரு கறுப்பர். ஆயினும் இராணுவத்தின் விருப்பத்திற்கிணங்க, கறுப்பர்களின் குருதியை ஏற்பதில்லை என்று சங்கம் அதே ஆண்டில் விதி செய்தது. அவ்விதியின்படி ட்ரூவின் குருதியும் விலக்கத்தக்கதே!

எதிர்ப்பு வலுத்தது. 1942 ஜனவரியில் சங்கம் இறங்கி வந்தது. இனிக் கறுப்பர்களும் குருதி வழங்கலாம் என்று அறிவித்தது. ஆனால் அவர்கள் வழங்கும் குருதி தனியே குறியிடப்பட்டுத் தனியே வைக்கப்படும் என்றும் கூறிற்று. ஏ, பி, ஏபி, ஓ என்னும் குருதி வகைகள் எல்லா இனத்தாரிடமும் உள்ளன. இனத்தைக் கொண்டு குருதியைப் பிரிப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. இதனை ட்ரூவே எடுத்துரைத்தார். வாயிற்கதவு திறந்தது, உள்ளிருந்த சுவர் இடியவில்லை. 1950-ஆம் ஆண்டில்தான் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதைக் காண ட்ரூ உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கார் விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஒருவரைப் பதவியில் அமர்த்துவதனால் மட்டும் வேற்றுமை ஒழியாது. விதியை மாற்றும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். மேலும், கண்டனத்திற்கு அஞ்சும் நிறுவனம் தனக்கு இழப்பில்லாத ஒன்றையே முதலில் விட்டுக்கொடுக்கும்.

மற்றொரு நிறுவனத்தைக் காண்போம். அமெரிக்க இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கம், எல்லா இனப் பெண்களையும் தன் பணிகளில் ஒருங்கே சேர்ப்பதென 1946-ல் உறுதிமொழி ஏற்றது. ஏட்டில் எழுதியதோடு அது நின்றுவிடவில்லை. இனநீதிக்கெனத் தனி அலுவலகம் ஒன்றை 1965-ல் நிறுவி, டாரதி ஹைட் என்னும் கறுப்பினப் பெண்மணியை அதன் தலைமையில் அமர்த்தியது. 1970-ல் இனவெறியை ஒழிப்பதையே தன் தலையாய கடமையாக அறிவித்தது. இடையில் கால் நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பர் காவலரால் கொல்லப்பட்டார். அதன்பின் அமெரிக்க நிறுவனங்கள் பலவும் கண்டன அறிக்கைகள் விடுத்தன. அத்தகைய அறிக்கைகளைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பணத்தையும் பதவியையும் பற்றி முடிவு செய்வோருள், வேற்றுமையால் துன்புற்றோர் இருக்கின்றனரா? குறை கூறும் ஊழியர் அஞ்சாது பேச இயலுமா? ஆரவாரம் அடங்கிய பின்னரும் இப்பணிக்கு நிதி ஒதுக்கப்படுகிறதா? நன்கொடையாளர் முகஞ்சுளித்தாலும் கொள்கை நிலைக்குமா?

நாளை நீங்களும் சங்கங்களை நடத்துவீர்கள். அப்போது அறிக்கை எழுதுமுன், உங்கள் விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.