ஒளி ஏவும் நொதிகள்

நாம் உண்ணும் மருந்தும், உடுக்கும் துணியின் சாயமும், ஊர்திகளை ஓட்டும் எரிபொருளும் பெரும்பாலும் ஆலைகளில் ஆக்கப்படுவன. அங்கே உலைகள் இரவும் பகலும் எரிகின்றன, கழிவுகள் மிகுகின்றன. ஆனால், வரப்பில் நிற்கும் சிறு புல்லோ நெருப்பும் புகையும் இன்றிக் கதிரவன் ஒளியைக்கொண்டே தனக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்கிக்கொள்கிறது. புல்லால் இயல்வது மனிதனால் இயலாதோ?

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டுப் பேராசிரியர் ஜாக்கோமோ சாமிச்சான். அவர் பொலோனியா நகரில் தம் ஆய்வுக்கூடத்தின் மேன்மாடத்தில் கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் வைத்து, அவற்றுள் நிகழும் மாற்றங்களை நோக்கினார். நிலக்கரி என்றும் நிலைத்திராது. ஆகவே, கண்ணாடிக் குழாய்களில் கதிரொளி வேலை செய்யும் புகையற்ற ஆலைகள் தோன்றவேண்டும் என்று 1912ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் எடுத்துரைத்தார்.

அக்கனவுக்குத் துணையாக இன்று கிடைத்திருப்பவை ஒளியால் இயங்கும் நொதிகள். நொதி என்பது உயிர்களின் உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதன்றோ? உமிழ்நீரிலுள்ள நொதி மாப்பொருளைச் சர்க்கரையாக்குவதே அதற்குக் காரணம். இத்தகைய நொதிகளுக்கு ஒளி வேண்டுவதில்லை. ஒளியின்றி இயங்காத நொதிகள் இயற்கையில் மிகச் சிலவே.

அவற்றுள் ஒன்றைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர்கள் குளோரெல்லா என்னும் நுண்பாசியில் கண்டு, 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்நொதியின் நடுவே, வைட்டமின் பி2இலிருந்து அமைந்த மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உள்ளது. அது நீல ஒளியைக் கவர்கிறது. அவ்வாற்றலால் கொழுப்பு அமிலத்தின் நுனி துண்டிக்கப்பட்டுக் கரியமில வாயுவாகப் பிரிகிறது. பதினாறு கரியணுக்கள் கொண்ட பால்மிடிக் அமிலம், பதினைந்து கரியணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பனாகிறது. இது டீசல் எண்ணெயில் காணப்படும் பொருள்களுள் ஒன்று. ஆலைகளில் இத்தகைய மாற்றத்திற்கு 200 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் உலோக வினையூக்கியும் வேண்டும். நொதிக்கோ அறையின் வெப்பமே போதும். விளக்கை அணைத்தால் வினையும் நின்றுவிடும்.

எனினும், இடர்களும் உள. நொதியை இயக்கும் நீல ஒளியே அதைச் சிதைக்கவும் செய்கிறது. கொழுப்பு அமிலத்தைப் பற்றியிருக்கும்போது அச்சிதைவு குறைகிறது; வேலையின்றி ஒளியில் நிற்கும் நொதியோ விரைவில் கெடுகிறது. மேலும், கலங்கிய நீர் நிறைந்த பெரிய கலத்தின் அடிவரை ஒளி செல்லாது. ஆதலின், மெல்லிய குழாய்களே ஏற்றவை. விளக்குகளுக்குரிய மின்சாரத்தை நிலக்கரியை எரித்துப் பெற்றால், புகை ஓரிடம் விட்டு வேறிடம் சென்றதாகுமேயன்றி ஒழிந்ததாகாது.

இவ்விடர்களை நீக்க அறிஞர்கள் உழைத்து வருகின்றனர். நொதியின் அமைப்பைச் சிறிது மாற்றி, வேறு பொருள்களை ஆக்கவும் அதைப் பயன்படுத்துகின்றனர். கண்ணுக்குத் தெரியாத பாசி நெடுங்காலமாகச் செய்துவரும் தொழிலை மனிதன் இப்பொழுதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறான். அதை முற்றக் கற்கும் நாளில், ஆலைகளின் புகையும் கழிவும் பெரிதும் குறையும்.