மண் அணையும் அதன் கீழ் வாழும் குடும்பங்களும்

நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் ஹுளுகங்கை, பன்வில பக்கமாக இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்த நீரின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் வீட்டுத் தோட்டங்களும் கிடக்கின்றன. 1980களின் முற்பகுதியில் அங்கிருந்து எழுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் சில வத்தேகம, திகன சுற்றுவட்டாரத்திலேயே தங்கின. பல குடும்பங்கள் மகாவலி குடியேற்ற வலயங்களுக்குச் சென்றன.

இக்குடும்பங்களுக்கு எவரும் சரிவர விளக்கிச் சொல்லாத ஒரு விடயம் உண்டு. இவர்களை இடம்பெயர்த்த விக்டோரியா அணை கொங்கிறீற்றினால் ஆனது. 122 மீற்றர் உயரமானது. ஆனால் புதிய இடத்தில் இவர்களது வயலுக்கு நீர் தரும் அணைகள் அப்படிப்பட்டவை அல்ல. கலாவெவ, உல்ஹிட்டிய, மாதுறு ஓயா ஆகிய யாவும் மண்ணையோ, மண்ணையும் கல்லையுமோ கொட்டி இறுக்கிய கட்டுகளே. மேலே ஓர் அணைக்காக நிலத்தைக் கொடுத்தவர்கள், இன்று இன்னோர் அணைக்குக் கீழே குடியிருக்கிறார்கள். ஆகவே மண் அணை எப்படி நிற்கிறது, எப்படி உடைகிறது, வெள்ளத்தை எப்படி அடக்குகிறது என்பதை இம்முறை சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். மண் அணை நீரை முற்றாகத் தடுப்பதில்லை. எந்த மண் கட்டிலும் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கசிவு மெதுவாகவும், மண்ணைக் கூட்டிச் செல்லாமலும், நாம் விரும்பிய வழியாகவும் வெளியேற வேண்டும் என்பதே கட்டுபவரின் கவலை. இதற்காகக் கட்டின் நடுவே களிமண் வைக்கப்படுகிறது. அதை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. சாண் அளவு தடிப்பில் பரப்பி, அளவான ஈரத்தில் உருளை ஓட்டி இறுக்கி, அதன்மேல் அடுத்த படையைப் பரப்புவார்கள். காய்ந்திருந்தால் மண் ஒட்டாது, சேறாக இருந்தால் இறுகாது. உருண்டை பிடித்துப் பார்த்து ஈரத்தைச் சொல்லும் அறிவு எமது விவசாயிகளுக்குப் புதியதல்ல. களிமண்ணுக்குப் பின்னால் மணலும் சரளையும் வடிகட்டியாக இடப்படும். கசிந்துவரும் நீரை அவை விடும், மண் துகளை விடமாட்டா. நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காதபடி கல் பதிக்கப்படும். பண்டைய குளங்களிலும் இந்தக் கல் பதிப்பைக் காணலாம். விக்டோரியாவுக்குக் கீழே 1986இல் முடிக்கப்பட்ட ரந்தெனிகல அணையும் களிமண் நடுப்பகுதியும் இருபுறம் பாறைக்கல்லும் கொண்டதே. உயரம் 94 மீற்றர்.

இத்தகைய கட்டு பெரும்பாலும் இரண்டு வழிகளில் அழிகிறது. முதலாவது, நீர் மேலால் பாய்வது. கொங்கிறீற்று அணையின் மேலால் சிறிது நேரம் நீர் வழிந்தாலும் அது தாங்கக்கூடும். மண் கட்டோ கரைந்துபோகும். இந்தியாவில் குஜராத் மாநிலத்தின் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு இரண்டாம் அணையில் 1979 ஆகஸ்ட் 11இல் இதுவே நடந்தது. வான்கதவுகள் கடத்தக்கூடிய அளவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. இருபக்க மண் கட்டுகளும் அடித்துச் செல்லப்பட்டன. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

இரண்டாவது வழி உள்ளரிப்பு. இதுவே அதிகம் ஏமாற்றுவது, ஏனெனில் இதற்கு மழையே வேண்டியதில்லை. கசியும் நீர் சிறிது சிறிதாக மண்ணைக் கூட்டிச் செல்ல, கட்டினுள் எலி வளை போல ஒரு துளை உண்டாகிறது. துளை பெருக்கப் பெருக்க நீரின் வேகமும் பெருகும். இறுதியில் மேற்பகுதி இடிந்து விழும். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தபோது பெருவெள்ளக் காலம் அன்று. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நான்கு கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்தப் பழம்பெரும் கட்டில் ஓரிடம் திறந்துகொண்டது. நித்திரையில் இருந்த 120 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின்மேல் பார வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் எனச் சொல்லப்பட்டது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1976 யூன் 5இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் புதிதாகக் கட்டி முதன்முறை நீர் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்த டீற்றன் மண் அணையும் உள்ளரிப்பினால் உடைந்தது. காலையில் சேற்றுநீர் கசிவதைக் கண்டார்கள். துவாரத்தை அடைக்கச் சென்ற புல்டோசர்கள் அதற்குள்ளேயே விழுந்தன. நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. இருப்பினும் இறந்தவர்கள் 11 பேர் மட்டுமே. பகல் நேரமாக இருந்தது. கீழே இருந்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தார்கள். கந்தளாயில் இந்த இரண்டும் இருக்கவில்லை.

வெள்ளத்தை அடக்குவது எப்படி?

அணை இருந்தால் வெள்ளம் வராது என்று பலர் நம்புகிறார்கள். நிரம்பிய பீப்பாய்க்குள் ஒரு வாளி நீரை ஊற்றினால் ஒரு வாளி வெளியே வழியும். பாதி வெறுமையான பீப்பாய்தான் அதை ஏற்கும். நீர்த்தேக்கமும் அப்படியே. வெள்ளத்தை அடக்குவது அதில் உள்ள நீர் அல்ல, அதில் விடப்பட்டிருக்கும் வெற்றிடம். பெருகிவரும் வெள்ளத்தின் உச்சத்தை அந்த இடத்தில் ஏற்று, பின்னர் பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதே வெள்ளத்தடுப்பு அணையின் தொழில். இங்கினியாகலையில் 1949 முதல் 1951 வரை கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் மண் அணைக்கு, நீர்ப்பாசனத்துடன் கல்லோயாவின் வெள்ளத்தைத் தணிப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது. 1957 டிசம்பர் பெருவெள்ளத்தில் நாட்டின் பல சிறு குளக்கட்டுகள் உடைந்தபோது அந்த அணை நின்றது.

ஆனால் வெற்றிடம் வைத்திருக்க யாருக்கு விருப்பம்? போகத்துக்கு நீர் வேண்டும் என்று விவசாயி குளம் நிறைவதைப் பார்த்து மகிழ்கிறார். மின் உற்பத்திக்கும் உயர்ந்த நீர்மட்டமே இலாபம். வடகீழ்ப் பருவமழைக்கு முன் நீரைத் திறந்துவிட்டு, பின்னர் மழை பொய்த்தால் அதிகாரிகளுக்குத் திட்டுத்தான் மிச்சம். ஆகவே கடைசி மட்டும் பிடித்து வைத்து, கட்டுக்கு ஆபத்து என்றதும் எல்லா வான்கதவுகளையும் ஒன்றாகத் திறப்பதும் நடக்கிறது. "கதவைத் திறந்ததால்தான் எங்களுக்கு வெள்ளம்" என்று கீழ்ப்பகுதி மக்கள் முறையிடுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. திறக்காவிட்டால் கட்டே போயிருக்கும் என்பதும் உண்மை. எங்கள் கருத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: எத்தனை மணிக்கு, எவ்வளவு திறக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் இருட்டுமுன் அந்த வீடுகளுக்கு வந்ததா, அவர்கள் பேசும் மொழியில் வந்ததா?

அணை வந்தபின் சிறு வெள்ளங்கள் நின்றுவிடுவதால் மக்கள் ஆற்றோரத்துக்கு இன்னும் நெருங்கி வீடு கட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் அந்த இடத்தை மறப்பதில்லை.

எமது கையில் உள்ளவை

கட்டைப் பரிசோதிப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தினதும் மகாவலி அதிகார சபையினதும் பொறுப்பு. 2008 முதல் உலக வங்கியின் உதவியுடன் பெரிய அணைகள் பலவற்றில் பாதுகாப்பு வேலைகளும் நடைபெற்றன. ஆயினும் தினமும் கட்டின் அடியால் நடப்பவர்கள் நாம்தான். கட்டிலுள்ள மரத்தை வெட்டி விறகாக்கினால் போதாது; வேர் உக்கியபின் அது போன இடமெல்லாம் நீருக்கு வழியாகும். ஆகவே கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். கறையான் புற்று, முள்ளம்பன்றி வளை என்பனவும் அப்படியே. கட்டின் அடியில் செங்கல்லுக்கு மண் எடுப்பதும் கிணறு வெட்டுவதும் மிகக் கேடானவை. நீர் கடக்க வேண்டிய தூரத்தை அவை குறைத்துவிடுகின்றன. நீர்மட்டத்தை மிக விரைவாக இறக்கினாலும் நனைந்த உட்சரிவு சரியக்கூடும் என்பதைத் துருசைத் திறக்கச் சொல்லி வற்புறுத்துபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கசிவு தெளிந்த நீராகவும் ஒரே அளவாகவும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. கலங்கி வந்தால், அல்லது குளத்தின் மட்டம் ஏறாமலே கசிவு கூடினால், அது அவசரம். மணலைக் கொப்பளிக்கும் ஊற்றைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. நீர் வேறிடத்தைத் துளைக்கும். அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே மணலும் சரளையும் இட்டு, நீரை மட்டும் வெளியேற விட வேண்டும். அதேவேளை கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்ல வேண்டும்.

விவசாயிகள் அமைப்பு ஒன்று இதற்கெனச் செய்யக்கூடிய வேலை சிறியது. கசிவு உள்ள இடத்தில் வாரம் ஒருமுறை ஒரே வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்க்கலாம். அந்த நீரில் ஒரு போத்தலை நிரப்பி மறுநாள் வரை அசைக்காமல் வைத்தால், அடியில் படிந்த மண் தெரியும். திகதி, குளத்தின் நீர்மட்டம், நிமிடம், மண்ணின் அளவு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், பொறியியலாளர் வரும் நாளில் "கொஞ்ச நாளாகக் கசிகிறது" என்று சொல்ல வேண்டியிராது, கொப்பியையே கொடுத்துவிடலாம்.