சிப்பாயாகச் சேரும் பிள்ளை எதுவரை உயரலாம்?

காரைக்குடியிலோ இளையான்குடியிலோ ராணுவ ஆள்சேர்ப்பு பற்றிப் பேச்செடுத்தால், பெற்றோர் பலர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "சிப்பாயாப் போனா சிப்பாயாத்தானே திரும்பி வரணும்?"

அப்படியில்லை. அதிகாரியாகத் தேர்வாகாமல், அடிமட்டத்தில் சேர்ந்தே ஒருவர் எட்டக்கூடிய உச்சப் பதவி சுபேதார் மேஜர். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார் என ஏறி, சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியனில் ஒரே ஒருவர்தான் அந்த இடத்துக்கு வருகிறார். டாங்கிப் படையில் அவருக்கு ரிசல்தார் மேஜர் என்று பெயர். கடற்படையில் முதல் வகுப்பு மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர், விமானப்படையில் மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். நம் மாவட்டத்து இலுப்பைக்குடியில் பயிற்சி மையம் வைத்திருக்கும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலும் சுபேதார் மேஜர் பதவி உண்டு.

இந்தப் பெயர்கள் நமக்கு அந்நியமல்ல. நாயிப் இமாம் என்கிறோமே, அதே நாயிப்தான். ஹவில்தாரில் இருப்பது 'ஹவாலா', ரிசல்தாரில் இருப்பது 'ரிஸாலா'. இரண்டும் அரபுச் சொற்கள்.

பட்டாலியனின் தலைமை அதிகாரி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவார். சுபேதார் மேஜரோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வீரர்களோடு உண்டு உறங்கியவர். யாருடைய தாய் நோயில் கிடக்கிறார், யாருக்கு ஊரில் நிலத்தகராறு, லங்கர் சாப்பாட்டில் என்ன குறை, எந்தப் பையன் சில நாட்களாகப் பேசாமல் திரிகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைத் தலைமை அதிகாரியின் காதில் போடுவதும், அதிகாரியின் உத்தரவை வீரர்கள் ஏற்கும்படி எடுத்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. பதவியில் இளம் லெப்டினன்ட் அவருக்கு மேல்தான். ஆனாலும் அவரை 'சாஹிப்' என்றுதான் அழைப்பார். அமெரிக்கத் தரைப்படையிலும் பட்டாலியன்தோறும் இப்படி ஒரு சார்ஜென்ட் மேஜர் இருக்கிறார்.

1965 போரில் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்து, பரம் வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீத், இந்த ஏணியின் நடுப்படியான ஹவில்தாராக இருந்தவர்.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரமாகிறார்கள். ஏணியின் அடுத்த படிகளெல்லாம் அவர்களுக்கு மட்டும்தான். அடுத்தது தாடி. தாடி வைத்ததற்காக விமானப்படை வீரர் ஒருவர் நீக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உறுதி செய்தது. சேர்வதற்கு முன்பே குடும்பத்தில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

நம்மில் பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. பட்டப்படிப்புடன் அரபியில் மௌலவி ஆலிம் தகுதியும் உள்ளவர்கள், படையின் மார்க்க ஆசிரியர் பணிக்கு நேரடியாக நாயிப் சுபேதாராகவே விண்ணப்பிக்கலாம். சிவகங்கை மாவட்டத்தினருக்கான ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சியில் இருக்கிறது.