ட்ராஷுக்கும் கெடு உண்டு

போனில் இடம் நிரம்பிவிட்டது. படமெல்லாம் கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில், அதே செயலியைத் திறந்து கல்யாணப் படங்களை அழிக்கிறோம். போனில் இருப்பதோடு கிளவுடில் இருந்த பிரதியும் சேர்ந்தே போகிறது. போனில் உள்ளதை மட்டும் நீக்க, அந்தச் செயலியிலேயே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி வசதி இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் பதற வேண்டாம். பேக்கப் ஆன படங்கள் 60 நாள் ‘பின்’ எனும் ட்ராஷில் கிடக்கும். கூகுள் டிரைவ் கோப்புகளுக்கு 30 நாள். 2020 அக்டோபருக்கு முன்பு, நாமாகக் காலி செய்யும்வரை அவை டிரைவின் ட்ராஷிலேயே இருந்தன. அந்தப் பழைய நினைப்பில் ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விடுபவர்கள் இழந்துவிடுகிறார்கள். ஐகிளவுட் டிரைவ், சொந்த ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கு எல்லாவற்றிலும் 30 நாள்தான். அலுவலக, கல்லூரி ஒன்டிரைவில் பொதுவாக 93 நாள்.

ட்ராஷும் காலியாகிவிட்டதா? பள்ளி, அலுவலகம் தந்த கூகுள் கணக்கென்றால், அதன் பிறகும் 25 நாள் வரை அட்மினால் மீட்க முடியும். யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்; அன்றே கேளுங்கள். சொந்தக் கணக்கென்றால் டிரைவின் உதவிப் பக்கத்தில் மீட்புக் கோரிக்கை அனுப்பலாம். உத்தரவாதம் கிடையாது, தள்ளிப்போட்டால் வாய்ப்பு இன்னும் குறையும்.

இன்னொன்று, கோப்பு யாருடையது என்பது. கல்யாண போட்டோகிராபர் அனுப்பும் டிரைவ் லிங்க்கில் படங்களுக்குச் சொந்தக்காரர் அவர்தான். அவர் இடம் போதாமல் அழித்துவிட்டால் உங்கள் ட்ராஷில் எதுவும் வராது; மீட்கவும் அவரால்தான் முடியும். லிங்க் வந்த வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு போய்விட்ட பதற்றத்தை நம்பியே பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் விற்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர் உங்கள் ஹார்டு டிஸ்க்கையும் மெமரி கார்டையும் துழாவுமே தவிர, கூகுளின் சர்வரை அதனால் தொட முடியாது. ‘கஸ்டமர் கேர்’ என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்கள் அதைவிட ஆபத்தானவை. ஸ்கிரீன் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வேலையை விட்டுப் போன ஊழியரோ, பிரிந்துபோன கூட்டாளியோ உங்கள் கணக்கில் நுழைந்து அழித்திருந்தால் அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். தீய நோக்கம் இருந்தால் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். எப்போது அழித்தார் என்பதை டிரைவின் ‘ஆக்டிவிட்டி’ பகுதியிலும், எந்தக் கருவியிலிருந்து உள்ளே வந்தார் என்பதைக் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் பார்த்து முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். சேமிப்பிடத்துக்குக் காசு கட்டுபவர்களுக்குச் சேவைக் குறைபாடு இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

யாரும் அழிக்காமலே அழிவதும் உண்டு. 2 ஆண்டு யாரும் திறக்காத சொந்தக் கூகுள் கணக்கை, உள்ளே இருக்கும் படங்களோடு நீக்க அந்நிறுவனத்தின் விதி இடம் தருகிறது. இந்த நடவடிக்கை 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்துபோன அப்பாவின் படங்களும் குரல் பதிவுகளும் இப்படிப் போனால் எந்த ட்ராஷிலும் தேட முடியாது. பெற்றோர் இருக்கும்போதே அவர்கள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ பகுதிக்குப் போய், யாருக்குத் தகவல் சேர வேண்டும் என்று அவர்களைக் கொண்டே ஒரு பெயரைப் பதிந்து வையுங்கள்.