ஆகிறதா, வருகிறதா? வாழ்க்கைச் சுழற்சிப் பாடங்களின் வினையமைப்பு

இந்திய மொழிகளில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கென எழுதப்படும் சூழ்நிலையியல் பாடங்களில் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி நன்கு அறிமுகமான ஒன்று. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு படங்கள் வட்டமாக அமைய, அவற்றிடையே நான்கு அம்புக்குறிகள் இடப்பட்டிருக்கும். படம் எல்லா மொழிக்கும் பொது. மொழிபெயர்க்கப்படுவன அதன்கீழ் வரும் நான்கைந்து தொடர்களே. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் இயன்றவிடத்துத் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்துள்ளமையால் இத்தகைய மொழிபெயர்ப்புகளின் தேவை மிகும். இத்தொடர்கள் எளியன என்று கருதப்படுவதால் மொழிபெயர்ப்பாளரின் கவனம் கலைச்சொற்களிலேயே நின்றுவிடுகிறது. குழந்தை கற்க வேண்டிய செய்தியோ பெரும்பாலும் வினையில் உள்ளது. படத்தில் உள்ளவை நான்கு உயிர்கள் அல்ல, ஓர் உயிரின் நான்கு நிலைகள் என்பதே அச்செய்தி.

‘புழு கூட்டுப்புழுவாக மாறுகிறது’ என்னும் தொடரில் எழுவாய் அழிவதில்லை. அதன் நிலையே வேறாகிறது. ‘கூட்டுப்புழுவிலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது’ என்பதோ அத்தகையதன்று. நீங்கற்பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்குவது ஒன்று, நீங்கப்படுவது ஒன்று என இரு பொருள்கள் வேண்டும். ‘பெட்டியிலிருந்து பந்து வந்தது’ என்பதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடில்லை. போதாக்குறைக்கு, ஆங்கில மூலத்தில் உள்ள ‘எ’ என்னும் சார்படை ‘ஒரு’ எனப் பெயர்க்கப்படுகிறது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று கதைக்குள் புதியவரை அழைத்துவரும் ‘ஒரு’ இது. இத்தொடரைக் கேட்ட குழந்தை, ‘அப்படியானால் புழு எங்கே போயிற்று?’ என வினவினால் பாடம் விளங்கவில்லை என்று பொருளன்று. தமிழ் நன்கு விளங்கியுள்ளது என்றே கொள்ள வேண்டும். ‘புழுவாக இருந்த அதுவே சிறகுகளோடு தன் பழைய தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது’ எனின் சிக்கல் தீர்கிறது. வெளிவருதல் தோலிலிருந்து நிகழ்கிறது, உயிரிலிருந்து அன்று. ‘அதுவே’ என்னும் ஏகாரமும் ‘தன்’ என்னும் சொல்லும் தொடர்ச்சியைக் காக்கின்றன.

தொல்காப்பியக் கிளவியாக்கம், திரிந்த பொருளை ஆக்கச்சொல்லோடு கூறவும், அவ்வாக்கத்திற்கு முன் காரணம் கூறவும் விதிக்கிறது. பாடநூல் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைப்பது அரிது. ‘புழு இலைகளைத் தின்று வளர்ந்து, தோலுரித்துக் கூட்டுப்புழு ஆயிற்று’ என்பதில் ஆக்கமும் காரணமும் ஒருங்கே அமைகின்றன.

நான்காம் அம்புக்குறி தனித்து நோக்கத்தக்கது. முட்டை புழு ஆகிறது. புழு கூட்டுப்புழு ஆகிறது. அது பூச்சி ஆகிறது. பூச்சி முட்டை ஆவதில்லை, முட்டை இடுகிறது. சுழல்வது இனமேயன்றித் தனியுயிர் அன்று. ஒரே வடிவ அம்பு இவ்விரு வினைகளையும் மறைத்துவிடுகிறது. இந்தியிலும் கன்னடத்திலும் இதற்கு வழங்கும் பெயர் ‘சக்கரம்’ என முடிவதால், பிறவிச்சக்கரம் பற்றிக் கேட்டு வளரும் குழந்தை, அதே பூச்சி மீண்டும் முட்டைக்குள் புகுவதாக எண்ண இடமுண்டு.

இதற்கு நேர்மாறான பிழை இந்தியச் சிந்தனை மரபில் நெடுங்காலமாக உள்ளது. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலாக்கும் என்னும் நம்பிக்கை வடமொழியில் ‘பிரமரகீட நியாயம்’ எனப்படும். இடைவிடாது நினைப்பவன் நினைக்கப்படுபவனாகவே ஆவான் என்பதற்கு அது உவமை. உண்மையில், மண்கூடு கட்டும் குளவிகளில் ஒரு வகை, புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து கூட்டில் இட்டு, அக்கூட்டிலேயே முட்டையும் வைக்கிறது. முட்டையிலிருந்து தோன்றும் குளவியின் இளவுயிர் அப்புழுவைத் தின்று வளர்கிறது. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் கண்டவர்கள் காட்சியில் பிழை செய்யவில்லை. ‘ஆகிறது’ என்னும் வினையைத் தேர்ந்ததிலேயே பிழை செய்தனர். அங்கு இரண்டு உயிர்கள், வண்ணத்துப்பூச்சியிடத்து ஒன்றே. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தால் எந்த வினை எங்குப் பொருந்தும் என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

பெயர்களிலும் இடர்ப்பாடு உண்டு. கன்னடத்து ‘ஹுளு’, தெலுங்கின் ‘புருகு’, இந்தியின் ‘கீடா’ ஆகியவை புழுவையும் பூச்சியையும் ஒருங்கே குறிக்கும். தமிழ் அவற்றைப் பிரிக்கிறது. எனினும் பேச்சுவழக்கு அப்பிரிவை முற்றும் காப்பதில்லை: கம்பளிப்பூச்சி என்பது புழுப்பருவம், வயிற்றுப்பூச்சி என்றும் பூச்சி ஆகாதது. புழு பூச்சியாகும் என்று கற்ற குழந்தை மண்புழுவும் ஒருநாள் பறக்கும் என எதிர்பார்த்தால் வியப்பதற்கில்லை. ‘கூட்டுப்புழு’ பட்டுப்புழுவிற்கு முற்றும் பொருந்தும். அது தான் நூற்ற கூட்டினுள்ளேதான் அந்நிலையை அடைகிறது. கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் காணப்படும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கோ கூடே இல்லை. தன்னைச் சுற்றிய ஓர் இழையால் தண்டோடு பிணைந்து திறந்த வெளியில் நிற்கிறது. வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றுவது வீண்வேலை. ‘கூடு கட்டாத கூட்டுப்புழு’ என்று ஒருமுறை எழுதிவிடுவது போதும்.

மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தருகிறது. இன்று பெருவழக்கான ‘குஞ்சு’ அவற்றுள் இல்லை என்பது வேறு செய்தி. நாய்க்குட்டி, யானைக்கன்று என இனப்பெயர் முன்னும் இளமைப்பெயர் பின்னுமாக அமையும் முறையில், ‘வண்ணத்துப்பூச்சிப் புழு’ தன் பொருளைத் தானே உணர்த்தும். தலைப்பிரட்டை என்னும் சொல்லில் தவளை இல்லை. சிற்றூர்ப் பிள்ளைகள் கூறும் ‘தவளைக்குஞ்சு’ என்பதில் உண்டு. பாடநூல் இரண்டையும் ஒருசேரத் தருதல் நலம்.

முதற்பாடமாக வண்ணத்துப்பூச்சியைவிடத் தவளையே ஏற்றது. அங்குக் கிழித்து வெளிவரும் உறை தலைப்பிரட்டைப் பருவத்திற்குப்பின் இல்லை. பின்கால்கள் தோன்றுகின்றன, முன்கால்கள் தோன்றுகின்றன, வால் குறுகுகிறது என ஓர் எழுவாயின் உறுப்புகளைப் பற்றியே தொடர்கள் அமைகின்றன. ஆனால் ‘வால் விழுந்துவிடுகிறது’ என்று எழுதுதல் ஆகாது. தவளையின் வால் பல்லியின் வாலைப்போல் அறுந்து விழுவதில்லை. சிறுகச் சிறுகச் சுருங்கி உடலிலேயே கலந்துவிடுகிறது.