கண்ணுக்குத் தெரியாத ஒளியும் இரவு வேட்டையும்

சென்னையின் மேற்குப் புறநகரில் பட்டாபிராம், ஆவடி வட்டாரத்தின் முகத்தை மாற்றியது இராணுவத் தளவாட உற்பத்தியே ஆகும். இங்கு வரும் புறநகர் ரயில்களில் சில, பிரதான பாதையை விட்டுப் பிரிந்து 'மிலிட்டரி சைடிங்' என்ற முனையத்தில் முடிவதே அந்த வரலாற்றுக்குச் சான்று. 1961-இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது; பின்னர் ரஷ்ய வடிவமைப்பிலான டி-72, டி-90 டாங்கிகளும், உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அர்ஜுனும் இங்கேயே கட்டப்பட்டன. இருளில் குறிபார்க்கும் தொழில்நுட்பம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு மாறியது என்பதை இந்த டாங்கிகளைக் கொண்டே விளக்கிவிடலாம். அந்தத் தொழில்நுட்பத்தின் சிறிய வடிவமே வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கிகளில் பொருத்தப்பட்டு, இணைய வணிகத்தின் வழியாக நம் நாட்டிலும் ஆசையைக் கிளப்பிவருவதால், அது எப்படி இயங்குகிறது என்பதையும், அதற்கு இங்கே என்ன இடம் என்பதையும் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

தொடக்ககால டி-72 டாங்கியின் பீரங்கிக் குழலை ஒட்டி வட்டமான பெரிய விளக்கு ஒன்று இருக்கும். அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதாவது சிவப்பைவிட அலைநீளம் மிகுந்த ஒளியை வீசக்கூடியது. அந்த ஒளி எதிரே பட்டுத் திரும்புவதை டாங்கியின் உள்ளே இருப்பவர் தனிக் கருவியின் வழியாகக் காண்பார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் துப்பாக்கிகளில் பொருத்திப் பார்த்ததும் இதே முறைதான். ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. அதே வகைக் கருவி எதிரியிடமும் இருந்தால், விளக்கை ஏற்றியவர் அந்தக் கணமே தம் இருப்பிடத்தைத் தாமே காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார். வானத்தில் இயல்பாகவே இருக்கும் நட்சத்திர ஒளியையும் நிலவொளியையும் பெருக்கிக் காட்டும் கருவிகள் அடுத்து வளர்ந்ததற்கு இக்குறையே முக்கியக் காரணம்.

ஒளி பெருக்கும் கருவியின் முன்புறத்தில், ஒளி பட்டால் எலக்ட்ரான்களை உமிழும் தகடு ஒன்று இருக்கிறது; அதன் பின்னால் தலைமுடியைவிட நுண்ணிய இலட்சக்கணக்கான துளைகளைக் கொண்ட மற்றொரு தகடு இருக்கிறது. ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழையும் எலக்ட்ரான் சுவரில் மோதி மோதிப் பல எலக்ட்ரான்களைக் கிளப்ப, அவை அனைத்தும் பாஸ்பர் பூசிய திரையில் விழுந்து மீண்டும் ஒளியாகின்றன. மனிதக் கண் பச்சை நிறத்திலேயே ஒளியின் ஏற்றத்தாழ்வுகளை மிக எளிதாக உணர்கிறது என்பதால்தான் இத்திரைகள் நெடுங்காலமாகப் பச்சையாக அமைக்கப்பட்டன.

துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் லேசர் சுட்டி இந்தக் கருவியுடன்தான் இணைகிறது. துப்பாக்கியின் மேலோ பக்கவாட்டிலோ பொருத்தப்படும் அகச்சிவப்பு லேசர், பெரும்பாலும் 830 முதல் 850 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், சிதறாத ஒரே கற்றையாகச் சென்று இலக்கின் மீது ஒரு புள்ளியை இடுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு; 700 நானோமீட்டரைத் தாண்டினால் நம் கண்ணின் திறன் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எனவே ஒளி பெருக்கும் இரவுப்பார்வைக் கருவியை அணிந்தவருக்கு மட்டும் அந்தப் புள்ளி தெரியும். எதிரே நிற்கும் மானுக்கோ பன்றிக்கோ தெரியாது. வீட்டிலுள்ள தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்து, அதன் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மின்னுவதைக் காணலாம். ரிமோட்டில் இருப்பது லேசர் அன்று, எளிய டையோடு விளக்குதான். ஆயினும் கண் காணாததைக் கருவி காண்பது எப்படி என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

லேசர் புள்ளி விழுந்த இடத்தில் குண்டு தவறாமல் விழும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மை அன்று. லேசர், குழலுக்கு நான்கு சென்டிமீட்டர் பக்கவாட்டில் இருந்து, ஐம்பது மீட்டர் தொலைவில் குழலின் கோட்டைச் சந்திக்குமாறு சரிசெய்யப்பட்டிருந்தால், நூறு மீட்டரில் அது மறுபக்கம் நான்கு சென்டிமீட்டர் விலகியிருக்கும். அத்துடன் லேசர் நேர்கோட்டில் செல்லும்போது குண்டு புவியீர்ப்பால் கீழிறங்கிக்கொண்டே போகும். பனிமூட்டத்தில் கற்றை முழுவதும் கோடாகத் தெரிவதும், அருகில் உள்ள ஈரப்புல்லில் பட்ட ஒளி கருவிக்குள் பெரிய வட்டமாகப் பரவி இலக்கையே மறைத்துவிடுவதும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. லேசர், துப்பாக்கி எங்கே நோக்குகிறது என்பதைச் சொல்லுமே தவிர, அங்கே இருப்பது என்ன என்பதைச் சொல்லாது. பன்றி என்று நினைத்து உடன் வந்த மனிதரையே சுட்ட வழக்குகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடந்திருப்பதை நினைத்தால், புதருக்குள் அசையும் ஒன்றின் மீது புள்ளியைத் துல்லியமாக இடும் வசதி எத்தகைய பொய்யான துணிவைத் தரும் என்பது விளங்கும்.

அர்ஜுன் டாங்கியில் இருக்கும் லேசர் வேறு வேலையைச் செய்கிறது. அது புள்ளியிடுவதற்காக இல்லாமல், தூரத்தை அளப்பதற்காக அமைந்தது. இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 13 பங்கு நேரமே ஆகிறது. அந்த நேரத்தை அளந்து கணினி தூரத்தைச் சொல்லிவிடும். இருளில் பார்ப்பதற்கு அர்ஜுனில் இருப்பது வெப்பப் படக் கருவி. ஒவ்வொரு உடலும் தானாகவே உமிழும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்பக் கதிர்களை இவ்வகைக் கருவிகள் படமாக்குவதால், அவற்றுக்கு விளக்கும் வேண்டாம், நிலவும் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களை ஊடுருவ விடாது என்பதால் வில்லைகளை ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். முன்னே சொன்ன 850 நானோமீட்டர் லேசர் புள்ளி இந்த வெப்பப் படத்தில் தெரியவே தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கி ஏமாறுவோர் பலர்.

கண்ணுக்கு ஏற்படும் ஆபத்தைத் தனியே வற்புறுத்த வேண்டும். கண்ணில் பளிச்சென்று ஒளி பட்டால் கால் நொடிக்குள் இமை தானாக மூடிக்கொள்வது இயற்கை தந்த காவல். அகச்சிவப்பு லேசர் பட்டாலோ கண்ணுக்கு எதுவும் தெரியாததால் இமை மூடாது, கதிர் மட்டும் விழித்திரையில் குவிந்து சுடும். கடைத்தெருவில் விளையாட்டுப் பொருளாகக் கிடைக்கும் பச்சை லேசர் சுட்டிகளிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பச்சை ஒளி உள்ளே அகச்சிவப்பு லேசரிலிருந்தே உருவாக்கப்படுகிறது, மலிவானவை பலவற்றில் அந்த அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதில்லை. குழந்தைகளின் கையில் கொடுக்கக் கூடாத பொருள் அது.

இரவில் ஒளி காட்டி வேட்டையாடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மான் போன்றவற்றின் கண்ணின் பின்புறத்தில் கண்ணாடி போன்ற படலம் ஒன்று இருப்பதால் டார்ச் ஒளி பட்டதும் அவற்றின் கண்கள் மின்னுகின்றன. கண்கூசி அசையாமல் நிற்கும் அந்த நொடியில்தான் தலைவிளக்கு வேட்டைக்காரர்கள் சுடுகிறார்கள். சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன்கூடத் துப்பாக்கியில் டார்ச் பொருத்தியே இரவில் காத்திருந்தார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டைக்கு உரிமம் வழங்கப்பட்ட அந்நாளிலேயே, செயற்கை ஒளியைக் கொண்டு வேட்டையாடுவதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையையே முடித்துவைத்தது. இன்று அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

இந்தச் சட்டத்தின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர்கள் நரிக்குறவர்கள். ஆவடியிலும் குடியிருப்பு கொண்டுள்ள அச்சமூகத்தினர், நாட்டுத் துப்பாக்கியையும் வேட்டையையும் விட்டுவிட்டு ஊசிமணி, பாசிமணி விற்றுப் பிழைக்கும் நிலைக்கு வந்தார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைத்ததே 2023-இல்தான். ஒரு சமூகம் தன் தொழிலையே இழந்து மதித்த சட்டத்தை, பணமும் பொழுதும் உள்ளவர்கள் விலையுயர்ந்த கருவியோடு காட்டுக்குள் புகுந்து மீறுவது குற்றம் மட்டுமன்று, பெரும் அநீதியும் ஆகும்.

காட்டுப்பன்றியால் நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஒரே இரவில் இழக்கும் உழவரின் துயரம் வேறு; அதைப் பொழுதுபோக்கு வேட்டையோடு சேர்த்துப் பேசக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பன்றிகளை இரவுக் கருவிகளுடன் சுடச் சட்டம் இடம் தருகிறது என்றால், அங்கே அவை வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்குகள். இங்கே அவை புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். இரவுப்பார்வைக் கருவிக்கு வேட்டையில் இங்கே ஏதேனும் இடம் உண்டென்றால் அது பயிற்சி பெற்ற அந்தப் பணியாளர்களின் கையில்தான்; அங்கும் புள்ளியிடும் லேசரைவிட, எதிரே நிற்பது பன்றியா மனிதரா என்று காட்டும் வெப்பப் படக் கருவியே முதலில் தேவை.

கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில், யானைகள் கடக்கும் ரயில் பாதையின் ஓரமாக 2024 பிப்ரவரி முதல் வெப்பப் படக் கேமராக்கள் பொருத்திய பன்னிரண்டு கோபுரங்கள் இரவு பகலாகக் கண்காணித்து வருகின்றன. பாதையை நோக்கி யானை வந்தால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் உடனே செய்தி போகிறது, ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. பன்றியும் யானையும் வயலில் இறங்கும் ஊர்களுக்கெல்லாம் இத்தகைய கருவிகளைக் கொண்டுசெல்ல அரசு முன்வர வேண்டும். உழவர் சங்கங்களும் அதையே கேட்டு வற்புறுத்த வேண்டும்.