லேப்டாப் உறைந்தால் முதலில் கணக்கு, பிறகுதான் பழுது

மாதம் முழுவதும் ஒழுங்காக ஓடும் கடை லேப்டாப், 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடும் நாளிலும் 20ஆம் தேதி 3பி போடும் நாளிலும் மட்டும் உறைந்து நிற்கிறது என்று நம் வணிகர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. இதில் மாயம் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் டாலி, எக்செல், வாட்ஸ்அப், பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்கள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கிறோம். மற்ற நாட்களில் மறைந்து கிடந்த குறை அன்று வெளியே வருகிறது. 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நாம் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடாவிட்டால், நம்மிடம் சரக்கு எடுத்தவரின் 2பியில் அந்தப் பில் ஏறாது. கட்டிய வரியை அவர் கழித்துக்கொள்ள முடியாது. மறுநாள் காலை முதல் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த அவசரத்தில்தான் பெரிய நஷ்டம் நடக்கிறது. பழுது பார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, "சார், பார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்பார். கல்லாவில் கூட்டம் நிற்கும். "சரி, செய்யப்பா" என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் இப்படித்தான் நடந்தது. இரண்டு மணி நேரத்தில் லேப்டாப் குதிரை மாதிரி ஓடியது. மூன்று வருட டாலிக் கணக்கைத்தான் காணோம். ஆடிட்டரிடம் இருந்த மார்ச் மாத நகலை வைத்துக்கொண்டு, மீதியைப் பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்ற ஆறு வாரம் பிடித்தது. அதற்குள் வெளியூர் பாக்கிதாரர்கள் சிலர், "போன மாசமே கொடுத்தாச்சே அண்ணாச்சி" என்று சொல்ல, எடுத்துக் காட்ட ஏடு இல்லை. ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். பேரேடுகளைக் கட்டிப் பரணில் ஏற்றிய காலத்தில் கரையானுக்குத்தான் பயந்தோம்.

ஆகவே லேப்டாப் திணறுகிறது என்றதும் செய்யவேண்டிய முதல் வேலை, கணக்கை நகல் எடுப்பது. டாலி பிரைமில் ஆல்ட் விசையையும் ஒய் விசையையும் சேர்த்து அழுத்தினால் பேக்கப் வரும். அதை ஒரு பென் டிரைவிலும் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் எடுத்து, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எடுத்த நகல் உண்மையில் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பலர் இதைச் செய்வதில்லை. டாலியோடு முடிந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். நம் கணக்கர்கள் விலைப்பட்டியல், சரக்கு அனுப்பிய விவரம், ஆடிட்டர் கடிதம் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பார்கள். அது பெரும்பாலும் சி டிரைவுக்குள் இருக்கிறது. பார்மட் செய்தால் முதலில் போவது அதுதான்.

நகல் எடுத்த பிறகு, ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் உள் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து ஓடும் ஏற்பாடு உண்டு. தினமும் இரவு அணைக்கிறோமே என்று நினைப்போம்; பழைய குப்பை அப்படியே தொடரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் துடைத்து ஆரம்பிக்கும். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

தீராவிட்டால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்ட வேண்டும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று கட்டங்களையும் அவற்றின் சதவீதத்தையும் பாருங்கள். கடையாகவே வைத்துச் சொன்னால், மெமரி என்பது கவுண்டர் மேஜை. டிஸ்க் என்பது கிட்டங்கி. மேஜை அகலமாக இருந்தால் நாலு பேரின் சரக்கை ஒரே சமயத்தில் எடுத்து வைக்கலாம். மேஜை சிறியதென்றால் பையன் ஒவ்வொரு சாமானுக்கும் கிட்டங்கிக்கு ஓடிக்கொண்டிருப்பான். 4 ஜி.பி. மெமரி உள்ள லேப்டாப்பில் விண்டோஸே பாதியை எடுத்துக்கொள்கிறது. மெமரி கட்டம் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மேஜை போதவில்லை என்று பொருள், 8 ஜி.பி.யாக்கினால் நிமிர்ந்துவிடும். சில மெல்லிய லேப்டாப்களில் மெமரியைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், அவற்றில் கூட்ட முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய லேப்டாப்களில் நாம் அதிகம் கண்ட குற்றவாளி டிஸ்க்தான். சி.பி.யு.வும் மெமரியும் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. படிக்கும் ஊசி இங்குமங்கும் நகர வேண்டும். ஒரே நீளமான கோப்பை விநாடிக்கு 100 எம்.பி. அளவில் படிக்கும் அதே டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளைப் படிக்கும்போது 1 எம்.பி.க்கும் திணறும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகமே கிடையாது. எங்களைக் கேட்டால், புது லேப்டாப் விலை விசாரிப்பதற்கு முன் இதை மாற்றிப் பார்த்துவிட வேண்டும். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதில் பிரதி எடுத்துத் தரச் சொல்லலாம்; அதற்குக் 'குளோன்' என்று பெயர். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் எதையும் ஆராயாமல், முக்கியமான கணக்கை நகல் எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள்.

கடைக்கென்று ஒரு தனி நோயும் உண்டு: தூசி. மிளகாய் மண்டி, மாவு மில், சிமெண்ட் கடை இவற்றில் லேப்டாப் விசிறிக்குள் படியும் அடுக்கைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். காற்றுத் துவாரம் பெரும்பாலும் அடியில் இருக்கிறது. நாமோ சாக்கு மூட்டை மேலும் மெத்தை மேலும் வைத்து வேலை செய்கிறோம். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் தானே அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடிப் பிற்பகலில் இழுத்தால் இதுதான். ஆண்டுக்கொருமுறை திறந்து சுத்தம் செய்து, காய்ந்துபோன பசையை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்; ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு முறை அவிழ்த்துப் பார்ப்பார்கள். "உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, நாங்கள் இங்கிருந்தே சரிசெய்கிறோம்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அவர்கள் குறி பேங்க் கணக்கு.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14-10-2025 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை முதல்தான் செல்லும். உங்கள் லேப்டாப் அதற்கு முந்தையதானால், எஸ்.எஸ்.டி. போட்டு பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேங்க் வேலையையும் ஜி.எஸ்.டி. போர்ட்டலையும் புதியதில் செய்வதே சரி.

கழற்றிய பழைய டிஸ்க்கைப் பழுதுக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நம் கொள்முதல் விலையும், யார் யார் எவ்வளவு பாக்கி என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.